பளபளப்புக்கு முன்னால் பிரேக்: குறைந்த செலவில் ஒரு ஹாட் ராட் கட்டிய அனுபவம்

டெட்ராய்ட் ஆற்றங்கரையிலுள்ள ஹண்டிங்டன் பிளேஸ் மாநாட்டு மையத்தில், குளிர்காலம் முடியும் தறுவாயில் ஆண்டுதோறும் ஆட்டோரமா என்னும் கார் கண்காட்சி நடைபெறுகிறது. பெரிய தளத்தில், 1964 முதல் வழங்கப்பட்டுவரும் ரிட்லர் விருதுக்காக, அதுவரை வேறு எந்தக் கண்காட்சியிலும் வைக்கப்படாத புதிய கார்கள் வந்து நிற்கும். சில கார்களுக்கு அடியில் கண்ணாடிகளைப் பரப்பியிருப்பார்கள். சாலையில் ஒருவரும் பார்க்க வாய்ப்பில்லாத அடிப்பாகம்கூட நகைக்கடைப் பேழையில் வைத்த பொருளைப் போல அதில் மின்னும். ஒரு தளம் கீழே இறங்கினால், ஆட்டோரமா எக்ஸ்ட்ரீம் என்ற பெயரில் வேறொரு கூட்டம் இருக்கிறது. அங்கே மங்கிய கறுப்பும் துருவின் செம்பழுப்பும்தான் பெரும்பான்மை நிறங்கள். கூரை தாழ்த்தப்பட்ட பழைய போர்டு கார்கள், பக்கவாட்டு மூடி இல்லாத என்ஜினோடு, ஓட்டிவந்த அழுக்கும் துடைக்கப்படாமல் நிற்கும்.

இவ்விரு தளங்களுக்கும் இடையே ஒரு பகை இருப்பதாகப் பேசுவது இத்துறையில் நெடுநாள் வழக்கம். மேலே உள்ளவர்கள் காசை இறைப்பவர்கள் என்றும், கீழே உள்ளவர்கள் வேலை தெரியாதவர்கள் என்றும் இரண்டு பக்கமும் குறை சொல்வதுண்டு. மிச்சிகனில் வாகன உதிரிபாகத் துறையில் பணியாற்றிக்கொண்டே, என் வீட்டுக் கராஜில் சொந்தக் கையால் மாடல் ஏ என்னும் பழைய போர்டு கார் ஒன்றை ஹாட் ராடாக, அதாவது எடை குறைத்து வலுவான என்ஜின் வைத்த வேகக் காராக, மாற்றிய பின்னர், இந்தப் பிரிவினையே தவறான இடத்தில் கோடு போடுகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். காரின் எந்தப் பாகம் சுமை தாங்குகிறது, எந்தப் பாகம் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்பதில்தான் கோடு இருக்க வேண்டும். முதல் வகைக்குக் காசு குறையவே கூடாது. இரண்டாம் வகை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். இதைப் புரிந்துகொண்டு கட்டினால், இருபதாயிரம் டாலருக்குள் குடும்பத்தை நம்பி ஏற்றிச் செல்லத்தக்க ஒரு கார் கிடைக்கும். புரிந்துகொள்ளாமல் கட்டினால், அதைப்போல ஐந்து மடங்கு செலவழித்தும் அச்சத்தோடு ஓட்ட வேண்டியிருக்கும்.

ஹாட் ராட் என்பது பிறக்கும்போதே சிக்கனத்தின் பிள்ளை. 1930களில் தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்களுக்குப் புதிய வேகக் கார் வாங்க வசதியில்லை. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி எண்ணிக்கையில் வெளிவந்த மாடல் டி கார்களும், அதையடுத்து 1931 வரை வந்த மாடல் ஏ கார்களும் பழைய பொருள் விலைக்கு எங்கும் கிடைத்தன. எடை குறைய வேண்டும் என்பதற்காக மட்கார்டுகளைக் கழற்றினார்கள். என்ஜினைத் தங்கள் கையாலேயே முடுக்கினார்கள். மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் கொண்டுபோய் ஓட்டினார்கள். இந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தத் தெற்குக் கலிபோர்னிய நேரக் கணிப்புச் சங்கம் 1937இல் தொடங்கப்பட்டது. 1932இல் போர்டு தந்த 65 குதிரைத்திறன் வி8 என்ஜின், சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் வந்த எட்டு சிலிண்டர் என்ஜின் என்பதால், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய பொருளாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்த உலகின் இதயமே ஆயிற்று.

மெருகும் வேகமும் எதிரிகள் அல்ல என்பதற்கு அந்தக் காலத்திலேயே சான்று உண்டு. கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1950இல் ‘அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர்’ (நிலையான கூரை இல்லாத இரு இருக்கைக் கார்) என்ற பட்டம் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அதை வென்றது பில் நீகாம்ப் என்பவர் கட்டிய 1929 போர்டு. அந்தக் கார் எசெக்ஸ் என்ற வேறொரு பழைய காரின் சட்டகத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. பட்டம் வாங்கிய பின் அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைக்கவில்லை. எல் மிராஜ் படுகையில் மணிக்கு 140 மைலுக்கு மேல் ஓடி அது தன் தகுதியை நிறுவியது. பிற்காலத்தில் அதே காரைத் தேடி வாங்கிப் புதுப்பித்தவர் ஜிம் ஜேக்கப்ஸ். 1980களில், ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த சக்கரங்களும், கைப்பிடிகூட இல்லாமல் வழவழப்பாக்கப்பட்ட கதவுகளும் கொண்ட விலையுயர்ந்த பாணி உச்சத்தில் இருந்தபோது, அவரே ஒரு பழைய போர்டை மிகக் குறைந்த செலவில் கட்டி, அதற்குத் தூரிகையால் வண்ணம் பூசி ஓட்டினார். மிக அழகிய காரைப் புதுப்பிக்கத் தெரிந்த கைதான் தூரிகையையும் எடுத்தது. இரண்டையும் செய்யத் தெரிந்தவரிடம் இந்தப் பகைக்கு இடமில்லை என்பதை அவரைப் பற்றிப் படித்தபோதே உணர்ந்தேன்.

என் காரைப் பற்றிச் சொல்கிறேன். 1931ஆம் ஆண்டின் டியூடர் சிடான், அதாவது இரண்டு கதவுகள் கொண்ட மூடிய கார், ஓஹியோவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்தது. ரோட்ஸ்டரும், இருவர் அமரும் மூடிய காரான கூபேயும்தான் எல்லாரும் விரும்பும் வடிவங்கள். அவற்றுக்கு விலை மிக அதிகம். எஃகுத் தகட்டை அச்சில் அழுத்திப் புதிதாக உருவாக்கும் ரோட்ஸ்டர் உடலை ஓஹியோவிலேயே செய்கிறார்கள். அருமையான வேலை, ஆனால் உடல் மட்டுமே பத்தாயிரம் டாலரைத் தாண்டும். பலரும் ஒதுக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதே சிக்கனத்தின் முதல் படி. நான்கு கதவுச் சிடான் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதன் கதவுத் தூண்களுக்குள் மரம் அதிகம், மரம் உளுத்துப்போயிருந்தால் தச்சு வேலையும் சேர்ந்துகொள்ளும். வாங்கும் முன் கதவுகளின் அடிவிளிம்பு, தரையோரம், காரின் முன் கண்ணாடிக்குக் கீழுள்ள பகுதி ஆகிய மூன்று இடங்களையும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஓசை மந்தமாக இருந்தால் உள்ளே பட்டி அடைத்திருக்கிறார்கள் அல்லது தகடு அரித்துவிட்டது என்று பொருள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்வேன்: உரிமைச் சான்றும் சட்டகத்து எண்ணும் ஒத்துப்போகாத காரை, அது எவ்வளவு மலிவாக வந்தாலும், தொடக்கூடாது.

மாடல் ஏ காரின் சட்டகம் ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவிலான இரும்பால் ஆனது. அது 40 குதிரைத்திறன் என்ஜினுக்காக வடிவமைக்கப்பட்டது. பழைய செவர்லே டிரக்கிலிருந்து கழற்றிய 350 கன அங்குல என்ஜின் ஏறத்தாழ 200 குதிரைத்திறன் தரும். ஐந்து மடங்கு திறனை அந்தத் திறந்த வாய்க்கால் தாங்காது. எனவே திறந்த பக்கத்தில் தகடு வைத்துப் பெட்டியைப் போல மூடிப் பற்றவைக்க வேண்டும். தகட்டின் விலை மிகக் குறைவு; வேலைதான் பெரிது. ஒரே இடத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் சட்டகம் வளைந்துவிடும். சமதளமான மேடையில் சட்டகத்தை இறுகப் பிணைத்து, ஒரு விரல் நீளம் இங்கே, மறுமுனையில் ஒரு விரல் நீளம் அங்கே என்று மாறி மாறிப் பற்றவைத்து, இடையிடையே மூலைவிட்டத்தை அளந்துகொண்டே போக வேண்டும். தொழிற்சாலைக்கான உலோக அச்சுகள் (டை) செய்யும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த அளவை முறையை எனக்குக் கற்றுத்தந்தார். அவர் என்னிடம் வாங்கிக்கொண்டது என் வீட்டுக் காபி மட்டுமே. ஆனால் அந்தக் கல்விக்கு நான் விலை சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் பளபளப்பு முதன்முதலாகக் குறுக்கே வரும். பற்றவைத்த தழும்புகளை அரைத்துத் தேய்த்து, இரண்டு தகடுகளும் ஒரே வார்ப்பில் வந்தவைபோலக் காட்டுவது கண்காட்சிக் கார்களின் அழகு. தகுதியுள்ள கை, தகட்டின் முழுக் கனத்துக்கும் ஊடுருவிப் பற்றவைத்த பின்னர் தேய்த்தால் வலிமை போகாது. ஆனால் மூலைகளில் வைக்கும் வெல்டிங்கில் வலிமையே அந்தத் தழும்பின் தடிமனில்தான் இருக்கிறது. அதைச் சமமாகத் தேய்ப்பவர் தான் வைத்த இரும்பைத் தானே எடுத்துவிடுகிறார். என் சட்டகத்தில் ஒரு தழும்பையும் நான் தேய்க்கவில்லை. பார்ப்பவர்கள் அதை முரட்டு வேலை என்று சொன்னாலும் எனக்குக் கவலையில்லை.

முன் அச்சையும் ஸ்டீயரிங்கையும் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குறைந்த செலவில் கட்டப்பட்ட கார்களில் உயிருக்கு ஆபத்தான பிழைகளை நான் அதிகம் பார்த்தது இங்கேதான். பழைய போர்டில் முன் அச்சுக்கு மேலே, காரின் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் இருக்கும். அதன் இரு முனைகளும் அசையும் கொக்கிகளால் அச்சோடு இணைக்கப்பட்டிருப்பதால், அச்சு இடவலமாகச் சற்றே நகர இடம் உண்டு. ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் தண்டு முன்பின்னாக இயங்கிய பழைய அமைப்பில் அது பெரிய தொல்லை தரவில்லை. இப்போது பலரும் 1970களின் செவர்லே வேகா காரிலிருந்து வந்த வகைப் பெட்டியை வைத்து, தண்டைக் குறுக்குவாட்டில் அமைக்கிறார்கள். அந்த அமைப்பில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், சக்கரங்கள் திரும்புவதற்கு முன்பே அச்சு பக்கவாட்டில் தள்ளப்படும். ஓட்டுபவருக்கு ஸ்டீயரிங் தளர்ந்திருப்பதுபோலத் தோன்றும். மேடுபள்ளத்தில் கார் தானாகவே திசை மாறும். இதைத் தடுக்க ஒரே ஒரு தடி போதும்: பான்ஹார்ட் தடி. ஒரு முனை சட்டகத்தில், மறுமுனை அச்சில். கூடுமானவரை ஸ்டீயரிங் தண்டுக்கு இணையாகவும் அதே நீளத்திலும் இருக்க வேண்டும். அப்போது இரண்டும் ஒரே வளைவில் ஏறி இறங்கும். சில பத்து டாலர் பெறுமான இந்தத் தடி இல்லாமல், ஆயிரக்கணக்கான டாலர் செலவில் முன் அச்சுக்குக் குரோம் பூசிய கார்களைப் பார்த்திருக்கிறேன்.

குரோம் முலாம் குறித்து ஒரு பொறியாளனாகச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. முலாம் பூசும் முன் இரும்பை அமிலத்தில் நனைக்கிறார்கள். பிறகு மின்சாரக் குளியலில் வைக்கிறார்கள். இரண்டு கட்டங்களிலும் ஹைட்ரஜன் உண்டாகி எஃகுக்குள் புகும். சாதாரண மென்னிரும்பை அது பெரிதாகப் பாதிக்காது. கடினப்படுத்திய உயர்வலிமை எஃகில், அதாவது ஸ்பிரிங்குகளிலும் வலுவான போல்ட்டுகளிலும், அது நொறுங்கும் தன்மையை உண்டாக்கும். வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் ஒரு நாள் உடையும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்திருந்து அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். நல்ல பட்டறைகள் இதைச் செய்கின்றன. கேட்டு உறுதிசெய்துகொள்வது நம் பொறுப்பு. ஸ்டீயரிங்கையும் பிரேக்கையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளைப் பொறுத்தவரை என் விதி எளிது: தரமுத்திரை உள்ள புதிய போல்ட், பூட்டுநட்டு அல்லது குறுக்குப் பின் போட்ட நட்டு, அலங்கார முலாம் கிடையாது.

பிரேக்கில் நான் பேரம் பேசவே இல்லை. மாடல் ஏ காரில் வந்த பிரேக் முழுக்கத் தண்டுகளால் இயங்குவது. போர்டு நிறுவனம் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியதே 1939 மாடலில்தான். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்குப் பின்னச்சோடு வந்த பிரேக், மிதியின் விசையைத் திரவ அழுத்தமாக மாற்றும், இரண்டு அறைகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டர் என்று அமைத்தேன். இரண்டு அறைகள் இருந்தால் ஒரு பக்கக் குழாய் கிழிந்தாலும் மறுபக்கம் நிறுத்தும். ஹாட் ராடுகளில் மாஸ்டர் சிலிண்டரைக் காலுக்குக் கீழே, சட்டகத்தோரமாக மறைத்துவைப்பது வழக்கம். அது சக்கரத்திலுள்ள பிரேக்கைவிடத் தாழ்வாக அமைந்துவிட்டால், திரவம் சிலிண்டருக்கே வழிந்து திரும்பிவிடும். அவசரத்தில் மிதிக்கும்போது முதல் மிதி வெறுமையாகத் தரைவரை போகும். இதற்கென்றே அழுத்தம் தேக்கும் சிறு வால்வுகள் இருக்கின்றன: டிஸ்க் பிரேக்குக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு, டிரம் பிரேக்குக்கு 10 பவுண்டு. இரண்டையும் மாற்றிப் போட்டால் டிஸ்க் பிரேக் எந்நேரமும் உரசிக்கொண்டே சூடேறும். மிதியின் நெம்புவிகிதம், துணை அழுத்தி (பூஸ்டர்) இல்லாத அமைப்பில், ஆறுக்கு ஒன்று என்ற அளவில் இருக்க வேண்டும். குழாய்களுக்கு எஃகோ செம்பு-நிக்கல் கலவையோ ஏற்றது. தனிச் செம்புக் குழாய், எவ்வளவு அழகாக வளைந்தாலும், பிரேக்குக்கு ஆகாது.

பின்னச்சில்தான் பெருந்தொகை மிச்சமாயிற்று. 1995 முதல் 2001 வரை வந்த போர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளின் பின்னச்சு டிஸ்க் பிரேக்கோடு வரும். அக்காலத்தில் இந்நாட்டில் ஏராளமாக விற்ற வண்டி என்பதால், நொறுங்கிய வண்டிகள் கிடக்கும் யார்டுகளில் அது எளிதில் அகப்படும். அதன் பல்சக்கரப் பெட்டி நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். நீளமான பக்கத்துக் குழாயைச் சுமார் மூன்று அங்குலம் வெட்டிக் குறைத்து, இன்னொரு வண்டியிலிருந்து எடுத்த குட்டையான அரைத்தண்டை அந்தப் பக்கம் போட்டால், பெட்டி நடுவுக்கு வந்துவிடும், அகலமும் பழைய காருக்குப் பொருந்தும். வெட்டிய குழாயை நேராகப் பற்றவைக்க நடுவே செலுத்தும் உருளைக்கம்பி தேவை. அதை மட்டும் ஒரு லேத் பட்டறையில் கூலி கொடுத்துச் செய்வித்தேன். தெரிந்த வேலையைத் தானே செய்வதும், கருவி இல்லாத வேலைக்குக் கூலி கொடுப்பதும்தான் சிக்கனம் என்று நான் நினைக்கிறேன்.

என்ஜினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 350 செவர்லே என்ஜின் எங்கும் கிடைக்கும், அதன் உதிரிபாகங்கள் மளிகைப் பொருள் விலையில் வரும். 1986 முதல் வந்த என்ஜின்களில் கிராங்க் தண்டின் பின்முனை ஆயில் சீல் ஒரே துண்டாக மாறியதால், பழைய என்ஜினின் ஃப்ளைவீல் அதற்குப் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒயரிங்குக்குப் பழைய வண்டியின் கம்பிக்கட்டை வெட்டி ஒட்டாமல், பியூஸ் பெட்டியோடு வரும் புதிய கட்டை வாங்க வேண்டும். பெட்ரோல் குழாயாகப் பழைய ரப்பரைப் பயன்படுத்தக் கூடாது. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் அதைக் கரைத்துக் கசியவைக்கும். டயரின் பக்கச்சுவரில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் காட்டும். தரையில் படும் வரிகள் தேயாமல் புதிதுபோல இருந்தாலும் வயதான டயரை நம்பக் கூடாது.

இனி வண்ணத்துக்கு வருகிறேன். காரின் தோற்றத்துக்காகச் செலவாகும் காசில் பெரும்பகுதி பெயிண்ட் டப்பாவுக்குப் போவதில்லை, கூலிக்குப் போகிறது. கண்காட்சிக் கார்களை உருவாக்கும் ஒரு பட்டறையில் பணிபுரியும் நண்பருக்கு வார இறுதிகளில் உதவியாக இருந்தபோது இதை நேரில் கண்டேன். டிங்கர் வேலை முடிந்த தகட்டின் மேல் மெல்லிய பட்டி. அதன் மேல் பிரைமர். அதன் மேல் வழிகாட்டியாக ஒரு மெல்லிய கறுப்புப் படலம். பிறகு நீண்ட கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்ப்பு. கறுப்பு எங்கே தங்குகிறதோ அங்கே பள்ளம். மறுபடி பட்டி, மறுபடி பிரைமர், மறுபடி தேய்ப்பு. கதவுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே சீராக வர, கதவின் விளிம்பில் வெல்டிங் கம்பியால் இரும்பைச் சேர்த்து அரத்தால் ராவுகிறார்கள். அதற்கும் மேலாக, கார் முழுவதையும் ஒருமுறை கட்டி ஓடவைத்து, பின்னர் கடைசித் திருகுவரை கழற்றி, வண்ணம் பூசி, மீண்டும் கட்டுகிறார்கள். ஏறக்குறைய இரண்டு கார் கட்டும் உழைப்பு. பட்டறையின் மணிக்கூலி நூறு டாலரைத் தாண்டும் நாட்டில், அந்த உழைப்பு எவ்வளவாகும் என்பதை யாரும் கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த வேலையைப் பார்த்த பின்னர், மேல்தளத்துக் கார்களைக் காசின் ஆடம்பரம் என்று ஒரு சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அது கைத்திறனின் உச்சம். கூலி கொடுப்பவர் செல்வர். செய்பவரோ நம்மைப்போல உழைப்பவர்.

ஆனால் அந்த உழைப்பை விலைகொடுத்து வாங்க முடியாதவர், பளபளப்பான வண்ணத்தை மட்டும் வாங்கிப் பூசக் கூடாது. மின்னும் பரப்பு தகட்டின் ஒவ்வொரு அலையையும் காட்டிக்கொடுக்கும். குறைமினுக்கு வண்ணம் அவற்றை மறைக்கும். பழைய கார்கள் மங்கிய கறுப்பில் நிற்பதற்குப் பின்னே இந்த நியாயம் இருக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: சாதாரண பிரைமரோடு காரை ஆண்டுக்கணக்கில் ஓட்டக் கூடாது. நிரப்பும் வகைப் பிரைமர் நுண்துளைகள் கொண்டது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மேலே ஒன்றும் தெரியாமல் அடியில் துரு பரவும். பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்புத் தூவும் மிச்சிகனில் இது இன்னும் விரைவாக நடக்கும். துருவைச் சுரண்டி, வெற்றுத் தகட்டின் மேல் எபாக்சி பிரைமரைப் பூசினால் அது ஈரத்தைத் தடுத்து நிற்கும். அதன் மேல் எந்த வண்ணத்தையும் வசதி வந்தபோது பூசிக்கொள்ளலாம்.

கடினப்படுத்தி கலந்த நவீன யூரித்தேன் வண்ணங்களில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. அதன் புகை தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அதைத் தெளிப்பவர் தனிக் குழாய்வழியே சுத்தமான காற்று வரும் முகமூடி அணிய வேண்டும். வீட்டோடு ஒட்டிய கராஜில், குழந்தைகள் உறங்கும் அறைக்குக் கீழே, அதைத் தெளிப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆகவே டிராக்டர்களுக்குப் பூசும் பழைய வகை எனாமல் வண்ணத்தை, கடினப்படுத்தி சேர்க்காமல், நன்கு நீர்க்கக் கரைத்து, பஞ்சு உருளையால் மெல்லிய படலங்களாகப் பூசினேன். ஒவ்வொரு படலமும் நன்கு காய்ந்த பின்னர் ஈர உப்புத்தாளால் தேய்த்து அடுத்த படலம். வண்ணத்துக்கான செலவு நூறு டாலரைச் சற்றே தாண்டியது. ஆறடி தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது உருளையால் பூசியது என்று தெரியாது. அருகில் வந்து கேட்பவரிடம் மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

கீழ்த்தளத்தின் பக்கம் நின்று பேசும் உரிமையோடு ஒரு குறையையும் சொல்கிறேன். வறுமையை வேடமாகப் போடும் கார்கள் பெருகிவிட்டன. புதுத் தகட்டின் மேல் உப்புநீர் தெளித்துத் துருவேற்றுவதும், பொய்யான பழைய கடைப்பெயர்களைக் கதவில் எழுதி உரசி மங்கவைப்பதும், அதற்கு மெருகு வண்ணத்துக்கு ஈடான காசைக் கொடுப்பதும் நடக்கிறது. அவற்றில் சிலவற்றில் சீட் பெல்ட் கிடையாது. ஸ்டீயரிங் தண்டு சங்கிலிக் கண்ணிகளைப் பற்றவைத்துச் செய்த ஒப்பனைக்குள் ஒளிந்திருக்கும். முன்கண்ணாடிக்குச் சாதாரண சன்னல் கண்ணாடியை வெட்டிப் பொருத்தியிருப்பார்கள். மிச்சிகனில் வாகனங்களுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை கிடையாது. ஆகவே சரிபார்க்கும் கண் கட்டுபவருடைய கண் ஒன்றுதான். என் காரைச் சாலைக்கு எடுக்கும் முன், பக்கத்து வீட்டுப் பெரியவரையும், சட்டகத்தில் கைவைக்காத வேறு இரு நண்பர்களையும் அழைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் சோதிக்கச் சொன்னேன். இறுகியதைச் சரிபார்த்ததும் மஞ்சள் மையால் ஒரு கோடு இழுத்தோம். பின்னாளில் நட்டு தளர்ந்தால் கோடு பிரிந்து காட்டும். இந்த முறைக்கு ஆன செலவு ஒரு பேனா.

பொருள் தேடும் முறையும் காசைப் போலவே முக்கியமானது. பென்சில்வேனியாவின் ஹெர்ஷியில் ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கும் பழைய வாகனச் சந்தையும், அதைவிடச் சிறிய உள்ளூர்ச் சந்தைகளும் மாடல் ஏ உதிரிபாகங்களின் சுரங்கம். முதல் நாள் காலை நல்ல பொருளுக்கான நேரம். கடைசி நாள் மாலை நல்ல விலைக்கான நேரம், ஏனென்றால் கனமான இரும்பை மறுபடி ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப விற்பவருக்கு விருப்பமிருக்காது. அளவுகளைத் தாளில் எழுதி, அளவுகோலோடும் காந்தத்தோடும் போக வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி இருக்கிறது. என் காரிலிருந்து கழற்றிய மட்கார்டுகளையும், பழைய நான்கு சிலிண்டர் என்ஜினையும், தண்டு பிரேக்கையும், அவற்றைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே புதுப்பிக்க விரும்பும் மாடல் ஏ அன்பர்களிடம் விற்றேன். அந்தத் தொகை முன்சக்கர டிஸ்க் பிரேக்கின் விலையை ஏறக்குறைய ஈடுகட்டியது. ஒருவர் கழற்றி எறிவது இன்னொருவர் தேடி அலைவதாக இருக்கும். எதையும் வெட்டும் முன் அதைக் கேட்டு அறிவது நல்லது.

காப்பீடு குறித்தும் சொல்ல வேண்டும். சாதாரண வாகனக் காப்பீட்டில் என் காரின் மதிப்பு தொண்ணூறு ஆண்டுப் பழைய போர்டின் சந்தை மதிப்பாகவே கணக்கிடப்படும். அதில் போன உழைப்பும் உதிரிபாகங்களும் எண்ணிக்கையில் வராது. பழைய வாகனங்களுக்கென்று உள்ள, இரு தரப்பும் முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொள்ளும் வகைக் காப்பீட்டை எடுத்தேன். அதற்கு அவர்கள் கேட்டவை ரசீதுகளும், கட்டும் ஒவ்வொரு நிலையிலும் எடுத்த நிழற்படங்களும். ஆகவே கட்டத் தொடங்கும் நாளிலிருந்தே ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து, மூடப்போகும் ஒவ்வொரு பகுதியையும் மூடும் முன் படமெடுத்து வைக்க வேண்டும். சட்டகத்துக்குள் நான் வைத்த வெல்டிங் இப்போது தகட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பிற்காலத்தில் இந்தக் காரை வாங்கப்போகிறவர் அதைப் பார்க்க அந்தப் படங்களைத் தவிர வேறு வழியில்லை.